ஒரு தலை, மூன்று வேண்டுதல்

சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு சாமியையும் விடாமல் கும்பிடுகிற மனிதர், குடவாசல் வட்டாரத்திலேயே எங்கள் மோட்டார்காரர் ஒருவர்தான். வயல்களில் போர்செட் மோட்டார் பழுது பார்ப்பவர். பெயர் யாருக்கும் நினைவில்லை. அவர் மனைவியே இன்றும் போனில், "மோட்டார்காரர் வெளிய போயிருக்காங்க" என்றுதான் சொல்கிறார்.

சுவிட்சைப் போடுமுன் மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு, வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒன்று, நாகூர் ஆண்டவருக்கு ஒன்று. நான் எந்தச் சாமியிடமும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளாதவன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அதான் சாமி இல்லம்பீங்களே, அப்புறம் எதுக்கு?"

"மூணு பேஸ்ல எதுல கரண்ட் இருக்குன்னு டெஸ்டர் வச்சுதானண்ணே பாக்கணும். இல்லன்னு வாயால சொல்லிட்டுக் கைய வச்சா என்ன ஆவும்?"

எரிச்சலில் மோட்டாரை முறைத்தேன். அது பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டியது.

போன வருடம் அவர் மனைவிக்குத் தஞ்சாவூரில் இதய ஆபரேஷன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மனிதர், பதற்றத்தில் மூன்று இடத்துக்கும் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டுவிட்டார். மூன்று இடத்திலும் அந்த வழக்கம் உண்டுதான். ஆனால் அந்த அம்மா பிழைத்து வீடு வந்த பிறகு கணக்கு உதைத்தது.

"தலை ஒண்ணுதான்ணே இருக்கு."

"முளைக்க முளைக்கப் போடுங்க."

"ஆறு மாசத்துல அவளுக்கு மறுபடி டெஸ்ட்டு. அதுக்குள்ள முடிக்கணும். யாரு காப்பாத்துனாங்கன்னு தெரியல, யாரையும் ஏமாத்திடக் கூடாதுல்ல?"

மாரியம்மனுக்கு உடனே முடி போனது. மாதாவுக்குக் குறை வைக்கக்கூடாதென்று மாதக்கணக்கில் வளர்த்து, எண்ணெய் தேய்த்து, சீவி, அமோகமாகக் கொடுத்தார். அதில் டெஸ்ட்டுக்கு முன் நாகூருக்கு ஒரு வாரம்தான் மிச்சம். மனைவியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சவரம் செய்பவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏங்க, இது முடிஞ்சுபோன தலைங்க."

மோட்டார்காரர் முகம் வெளிறிவிட்டது. அந்த அம்மா பின்னலை அவிழ்த்தார்.

"எனக்காகத்தான வேண்டுனீங்க. என் முடிய எடுக்கச் சொல்லுங்க."

"நீ நல்லாருக்கணும்னு நான் குடுக்கறேன்னு சொன்னேன். உன்கிட்டேருந்து புடுங்கியா குடுக்குறது?" அந்த மனிதர் எல்லார் முன்னாலும் அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரிங்க" என்று அவரை நகர்த்திவிட்டு நான் உட்கார்ந்தேன். ஐம்பத்தெட்டு வயதிலும் நரைக்காத முடி. ஊரே வயிறெரிந்த முடி.

"அண்ணே, உங்களுக்கு நம்பிக்கை கிடையாதே."

"உங்களுக்கு இருக்கா?"

"சரியாத் தெரியலண்ணே."

"அப்ப சும்மா இருங்க."

குனிந்தேன். கத்தி ஓடி முடிகிறவரை, அந்த அம்மா நல்லா இருக்கணும், இந்த ஆளைத் தனியா விட்டுடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.