வில்ஃப் அனுப்பிய படம்

"ஜெரால்ட்! கண்ணாடிக் குடிலுக்குள்ள புகைபோக்கி விழுந்து கிடக்கு!"

தோட்டத்திலிருந்து மனைவி ஆட்ரி கத்தியபோது, ஜெரால்ட் பிக்கர்ஸ்கில் கூரை மேல் டிஷ் ஆன்டெனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் சற்று உயர்த்தினால், ரேடியோவில் பழக்கமான வில்ஃப் அனுப்பும் டெலிவிஷன் படம் வந்துவிடும் என்று புகைபோக்கியில் கயிறு கட்டி இழுத்ததன் பலன் அது.

"தக்காளிச் செடிக்கு ஒன்னும் ஆகலையே?"

"செடியா? இப்ப அது சட்னி!"

வீட்டிலிருந்தே டெலிவிஷன் படம் அனுப்புவதும், அடுத்தவர் அனுப்பியதைப் பிடிப்பதும் இங்கிலாந்தின் பென்னைன் மலைப் பக்கம், பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்திருக்கும் சில ஹாம் ரேடியோக்காரர்களின் பைத்தியம். மைக்ரோவேவ் அலை நேர்கோட்டில்தான் போகும். குறுக்கே ஈர இலை நின்றால்கூடக் கோபித்துக்கொள்ளும். படம் வந்துவிட்டால் திரையில் தெரியும் எண்களைப் பேச்சு ரேடியோவில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'கிடைச்சுது, நன்றி, வர்றேன்.' அவ்வளவுதான் உறவு. பிறகு அடுத்த ஆளைத் தேடிப் போவார்கள். இதில் ஜெரால்டை மிஞ்ச ஆளில்லை.

அவர் திரையில் இன்னும் வராத ஒரே ஆள் வில்ஃப் ஆர்மராட். ஞாயிறுதோறும் குரல் மட்டும் வரும். இன்று மாலைக்குள் படமும் வந்தால், அதிகம் பேரின் படத்தைப் பிடித்தவருக்கு ஹாம் கிளப் தரும் கோப்பை ஜெரால்டுக்கு. இல்லையென்றால் பரம எதிரி நார்மனுக்கு.

"ஒன்னும் தெரியலையா?" ரேடியோவில் வில்ஃப் கேட்டார்.

"ஒரு மண்ணும் தெரியல. நீ அனுப்புறியா இல்லையா?"

"அனுப்பிட்டேதான் இருக்கேன். ஆமா, ஆட்ரிக்கு முட்டிவலி எப்படி?"

"முட்டி நல்லாருக்கு. கோபம்தான் ஜாஸ்தி. நான் மலைக்குப் போறேன்."

டிஷ்ஷைக் காரில் ஏற்றினார். மலையுச்சியில் ஆடுகள் கேபிளைக் கடித்தன. ஒட்டுப்போட்டுப் பார்த்தார்; திரை கறுப்பு.

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?" என்றார் வில்ஃப்.

"சாப்பாடா முக்கியம்? உன் ஊருக்குப் பக்கத்து மலைக்கு வர்றேன்."

"வேணாம்யா. மழை வருது. வீட்டுக்குப் போ. அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்."

கோப்பை விஷயத்தில் அடுத்த ஞாயிறு என்பதே கிடையாது. பக்கத்து மலையில் காற்று டிஷ்ஷைப் பிடுங்கி, காரின் பின்கண்ணாடி வழியே உள்ளே போட்டது. அங்கும் படமில்லை. பாதிரியாரிடம் கெஞ்சி வில்ஃபின் ஊர் தேவாலயக் கோபுரத்தில் ஏறினார். வில்ஃபின் வீட்டுக் கொடியில் மழையில் நனையும் சட்டைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை.

இத்தனை ஞாயிறுகள் பேசியும் இந்த ஆளின் முகம் தெரியாதே என்று அப்போதுதான் அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது. அந்த எண்ணம் சங்கடப்படுத்தவே, கோப்பையை நினைத்துக்கொண்டு வேகமாக இறங்கினார்.

கடைசியில் வில்ஃப் வீட்டு வாசலிலேயே போய் நின்றார். நெளிந்த டிஷ்ஷை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். கறுப்பு.

"இப்ப ஏதாவது தெரியுதா?" என்றது கையிலிருந்த ரேடியோ.

அதே குரல் ஜன்னல் வழியாகவும் கேட்டது. ஜெரால்ட் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய ஒரு பெண் நனைந்த மனிதரையும் டிஷ்ஷையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே ஜெரால்ட்? நான் டெனிஸ், அவரைக் கவனிச்சுக்க வர்றவ. உள்ளே வாங்க, டீ போடறேன்."

"டீ இருக்கட்டும்மா. அவரோட படம் அனுப்புற டிரான்ஸ்மிட்டர்ல ஏதோ கோளாறு. நான் பாக்கணும்."

"கோளாறெல்லாம் இல்லைங்க. கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. அதை ஆன் பண்ணினா, படம் கிடைச்சதும் நீங்க 'நன்றி, வர்றேன்'னு போயிடுவீங்களாமே!"