நிலைப்படி அண்ணனின் நேர்முகத் தேர்வு

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே நாற்காலியைக் கண்டு பயந்த ஒரே மனிதர் எங்கள் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். பம்ப் ஷெட்டுக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பைக் கம்பால் தூக்கி ஓடையில் விட்டுவிட்டு வந்து டீ குடிப்பார். கல்வராயன் மலையில் கரடித் தடம் பார்த்த இடத்திலேயே நின்று பைப் பொருத்துவார். ஆனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கண்ணே” என்று சொன்னால் போதும், முகம் வெளிறிவிடும்.

எங்களுடையது சொட்டுநீர்ப் பாசன பைப் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை. சங்கராபுரம் சாலையில் இரண்டு அறை, பின்னால் பைப் சுருள்கள் கிடக்கும் காலி மனை. நான் கிளார்க். அவர் பிட்டர். நிலத்தில் பைப் பதிப்பது, பழுது பார்ப்பது, திட்டு வாங்குவது மூன்றும் அவர் வேலை. அலுவலகத்துக்கு வந்தால் வாசல் நிலைப்படியில் தோளைச் சாய்த்து நிற்பார். சாப்பாடு, டீ, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எல்லாம் அங்கேயே. அதனால் நிலைப்படி அண்ணன். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். ஒருநாள் நானும் அதில் இருந்தேன். பஸ்ஸில் மொத்தம் ஆறு பேர். அண்ணன் கம்பியைப் பிடித்து நின்றார்.

“யோவ், பஸ்சு முழுக்க சீட்டு காலியாக் கெடக்குது. இன்னாத்துக்குய்யா தொங்கிக்கினு வர்ற?” என்றார் கண்டக்டர்.

“எறங்கறதுக்கு வசதியா இருக்கும்ங்க.”

“நீ எறங்கறது கடைசி ஸ்டாப்புய்யா!”

போனிலும் இதே கதைதான். மேலாளர் பெயர் செல்லில் தெரிந்தால் கம்பெனி பைக்கை ஓரம் கட்டி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, நிமிர்ந்து நின்றுதான் எடுப்பார். வெள்ளிமலைச் சாலையில், கொட்டுகிற மழையில், ஒரு வளைவில் அப்படி நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்த நானும் நனைந்தேன். “அண்ணே, அவருக்கு நீங்க நிக்கிறது தெரியவா போவுது?” என்று கத்தினேன். அண்ணன் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்குத் தெரியுதே தம்பி.” இந்தப் பதிலை ஒரு வாரம் அலுவலகத்தில் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன். அப்போது எனக்கு நான் பெரிய நகைச்சுவையாளன் என்று நினைப்பு.

ஆனால் வரப்பில் நடக்கும்போது அவர் பேச்சைக் கேட்க வேண்டும். மலையில் ஒரு மரவள்ளித் தோட்டக்காரர் கையில் மண்வெட்டியோடு எங்களை வரவேற்றார். தண்ணீரை வடிகட்டும் பில்டர் அடைத்து, பாதி நிலத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. “ஒங்க பைப்ப எட்த்துக்கினு ஓடுங்கடா!” என்றார். நான் பைக்கைத் திருப்பிவிட்டேன். அண்ணன் அவரோடு நடக்க ஆரம்பித்தார்.

“தப்பு எங்குளுதுதாங்க. ஒங்க கெணத்துத் தண்ணில மண்ணு ஜாஸ்தி. நாங்க சின்ன பில்டரு மாட்டிட்டோம். வியாழக்கெழம பெருசு கொண்ணாரேன். அதுவரிக்கும் தெனம் காலைல இந்த மூடியத் தொறந்து கழுவிவுடுங்க, இப்பிடி. வியாழக்கெழம நான் வரலன்னா போன்லாம் பண்ணாதீங்க. எல்லாத்தையும் புடுங்கி ரோட்ல போட்டுடுங்க.”

வரப்பு முடியும்போது மண்வெட்டி கீழே இருந்தது. திரும்பி வரும்போது என் மடியில் ஒரு பலாப்பழம் இருந்தது. வியாழக்கிழமை பெரிய பில்டரும் போனது.

அந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிட்டர் வேலை முழுவதையும் ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுக்கப் போகிறார்கள். மாதக் கடைசியோடு பிட்டர்கள் கிடையாது. கிளைக்கு ஒரு சூப்பர்வைசர் மட்டும் எடுப்பார்கள், வீடியோவில் நேர்முகத் தேர்வு. விண்ணப்பித்தது இரண்டு பேர், நானும் அண்ணனும். எனக்கு அது பதவி உயர்வு. அவருக்கு அது வேலை.

நான் விடுவேனா? பேருந்து நிலையம் பக்கம், ஒரு பேக்கரியின் மாடியில் நடந்த பேச்சுத்திறன் வகுப்பில் சேர்ந்தேன். கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும், சிரிக்கும்போது எத்தனை பல் தெரிய வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கீழேயிருந்து பன் வாசனை வரும். தன்னம்பிக்கை என்றால் எனக்கு இன்றும் பசிக்கிறது. வீட்டில் கண்ணாடி முன் நின்று, “என் பலவீனம், நான் அதிகமாக உழைப்பது” என்று பயிற்சி செய்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “யாரு, நீயா?” என்று கேட்டாள்.

கற்ற வித்தையைக் காட்ட ஆள் வேண்டுமே. அண்ணனைப் பிடித்து, “வாங்க, ஒங்களையும் தயார் பண்றேன்” என்றேன். நாற்காலியில் உட்கார வைத்தேன். விளிம்பில், எந்த நிமிடமும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்தார்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றேன் கம்பீரமாக.

 நெற்றியில் வியர்வை. வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. கடைசியில் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாண்ணே, சேர்ல முள்ளா இருக்குது?”

அவர் நிலைப்படிக்குப் போய்ச் சாய்ந்துகொண்டார். வெளியே பார்த்தபடி சொன்னார்.

“எங்கப்பா ஒரே ஒரு நாள் உக்காந்தாரு தம்பி. கூலி வாங்கப் போன வூட்ல. அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல், நிக்க முடில. வாசல்ல கெடந்த பெஞ்சில உக்காந்துட்டாரு. யாரும் ஒண்ணும் சொல்லல. கூலியக் குட்த்தாங்க. நாங்க தெருமுன போய்த் திரும்பிப் பாக்கறோம், அந்த பெஞ்ச எட்த்து வெளிய போட்டுக் கழுவிக்கினு இருந்தாங்க. ஒரு வார்த்த திட்டியிருந்தா மறந்து போயிருப்பேன்.”

பேக்கரி மாடியில் இதற்கு ஒன்றும் சொல்லித் தந்திருக்கவில்லை. நான் நாற்காலியை மெதுவாக அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

தேர்வு நாளில் முதலில் நான். லேப்டாப் திரையில் கோயம்புத்தூர் மேடம் ஒருவரும், பேசாத ஒரு சாரும். “மலையில ஒரு விவசாயி, பில்டர் அடைச்சுப் போச்சுன்னு கோவமா இருக்காருங்க. என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டார் மேடம். சரியான அளவு பற்களைக் காட்டி, “மிக அருமையான கேள்வி” என்றேன். பிறகு குழு மனப்பான்மை, நேர்மறை எண்ணம், வாடிக்கையாளரே நம் சூரியன் என்று பேசிக்கொண்டே போனேன். “சரிங்க, பில்டரை என்ன பண்ணுவீங்க?” என்றார் மேடம். நான் மறுபடியும் சிரித்தேன்.

அடுத்து அண்ணன். உட்கார்ந்தார், உறைந்தார். அப்புறம் பழக்கம் வென்றது, எழுந்து நின்றார். திரையில் சட்டையின் மூன்றாவது பொத்தான் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“ஹலோ, உங்க மொகம் தெரியலீங்களே!”

குனிந்தார். வழுக்கைத் தலை தெரிந்தது. மறுபடி பொத்தான்.

“உக்காந்து பேசுங்களே” என்றார் மேடம். உட்கார்ந்தார். மேடம் அதே பில்டர் கேள்வியைக் கேட்டார், அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை.

அவர் நிற்கிற இடத்தில், அந்த நிலைப்படியில், அன்று நான் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் இப்படியே போனால் வேலை எனக்கு. பொய் சொல்லவில்லை, அந்த ஒரு நிமிடத்தில் முக்கால்வாசியை நான் சும்மா நின்றே கழித்தேன். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலிக் கையை, அது உடைந்துவிடுமோ என்பது போல, விரல் நுனியால் பிடித்திருந்தார்.

உள்ளே போய் லேப்டாப்பைத் தூக்கினேன். “மேடம், அண்ணன் பொருளக் காட்டியே சொல்லுவாரு, ஒரு நிமிஷம்!” என்றேன். “எழுந்திருண்ணே, நட” என்றேன் அவரிடம்.

பின் மனையில் அவர் என்னை நோக்கி நடந்தார். நான் லேப்டாப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி பின்னால் பின்னால் நடந்தேன். ஓரத்தில் கிடந்த அடைத்த பில்டரை அவர் கையில் எடுத்ததும் வாய் திறந்தது. “இதாங்க அந்த பில்டரு. கோவமா இருக்கறவருகிட்ட மொதல்ல தப்ப ஒத்துக்கணும்ங்க. பொறவு நாள் சொல்லணும். சொன்ன நாள்ல போய் நிக்கணும்…”

என் குதிகால் ஒரு பைப் சுருளில் மாட்டியது. லேப்டாப்பை உயரத் தூக்கியபடி தொப்பென்று சுருளின் மேல் விழுந்தேன். அண்ணன் நிறுத்தவில்லை, கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரு கையால் என் காலரைப் பிடித்து நிமிர்த்தினார். அந்த நேர்முகத் தேர்வில் நிம்மதியாக உட்கார்ந்தது நான் ஒருவன்தான்.

கடைசிக் கேள்வி: “உங்க பலவீனம் என்னங்க?”

“உக்காந்தா எனக்குப் பேச்சு வராதுங்க.”

 அதுவரை பேசாத சார், “அதனால என்னங்க, நின்னே பேசுங்க” என்றார்.

வேலை அவருக்குக் கிடைத்தது. மேஜை வந்தது, சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காத அந்த நாற்காலியில் அண்ணன் உட்காரவில்லை. ஆனால் அது காலியாகவும் இருந்ததில்லை. யார் வந்தாலும், காலில் சேற்றோடு வந்தாலும், முதலில் அதில் உட்கார வைத்துவிட்டு அவர் எதிரில் நிற்பார். மலையிலிருந்து வந்த கூலிக்காரர் ஒருவர், “மண்ணு ஒட்டிக்கும்ங்க, நான் நிக்கறேன்” என்று தயங்கினார். “ஒட்டட்டுங்க. நீங்க உக்காந்தாத்தான் எனக்குப் பேச்சே வரும்” என்றார் அண்ணன். கூலிக்காரர் போன பிறகு, நாற்காலியைத் துடைக்க நான் துணியோடு போனேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். துணியை வைத்துவிட்டேன்.

இப்போது அவர் தர்மபுரிக் கிளைக்குப் போய்விட்டார். அவர் இருந்த இடத்துக்கு வேறு யாரும் கிடைக்காததால் என்னைப் போட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

“இன்னா தம்பி, நல்லா சாஞ்சி உக்காந்துக்கினுதானே பேசற?” என்று கேட்பார்.

“ஆமாண்ணே, ஜம்முனு உக்காந்துக்கினு இருக்கேன்” என்பேன், நிலைப்படியில் நின்றபடி.