கோயமுத்தூரில் கால்மணி நேரம் வெயில் அதிகம்

"தண்ணிக்குத் தனியாவா காசு?" என்று போனில் கேட்டுக்கொண்டே ஹேமசந்திரன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஆரணியில் அந்தத் தெருவுக்கு சிக்னல் வருவது மொட்டை மாடியில் மட்டும்தான்.

"குடிக்கத் தனி கேனு, குளிக்கத் தனி லாரி" என்றாள் சென்னையிலிருந்து அவருடைய அக்கா திரிசலா. "அங்க நீ மூணு மாசம் குடுக்கற வாடகையை இங்க ஒரே மாசத்துல குடுக்கணும். ஆனா மனுஷன் பொழைக்கற ஊருடா."

"மாமா ஆபீசுக்கு எப்பிடிப் போறாரு?"

"ஷேர் ஆட்டோ, அப்பறம் எலெக்ட்ரிக் ட்ரெயினு, அப்பறம் நடை."

"திரும்பி வர?"

"எட்டாவும்."

ஹேமசந்திரன் அப்படியே நின்றுவிட்டார். "எட்டா? சாப்பாடு?"

"அஞ்சரைக்கே ஆபீஸ்ல டப்பாவைத் தொறந்துடுவாரு. கூட வேலை செய்றவங்க, இவருக்கு ஏதோ சுகர்னு நெனச்சிகினு இருக்காங்க."

இது விளையாட்டு விஷயமில்லை. ஹேமசந்திரன் நயினார், அதாவது இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் வாயில் பருக்கை போட மாட்டார்கள். ஐந்து மணிக்குக் கடையிலிருந்து கிளம்பி, பொழுது சாய்வதற்குள் மனைவி பிரமிளாவோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிற அந்த மனிதர் நாள் முழுவதிலும் நிம்மதியாக உட்காருவது அந்த ஒரு வேளைதான். ஊர் மாறினால் அது போய்விடுமோ என்பதுதான் அவர் கவலை.

எல்லாம் வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. பட்டுக்கடை முதலாளி தென்னரசு உறவினர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, காரில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"நயினாரே, வேலூரு, சென்னை, கோயமுத்தூரு, மூணுல ஒரு ஊர்ல கிளை தொறக்கறோம். குடித்தனம் பண்றதுக்கு எது தோதுன்னு விசாரிச்சி வைங்க. வாடகை, பஸ்ஸு, வீட்டுச் செலவு எல்லாம். திங்கக்கெழம வந்து கேக்கறேன்."

கார் போய்விட்டது. சொன்னதையே இன்னொரு தடவை கேட்டால் "காதுல இன்னா பஞ்சா?" என்பார் தென்னரசு. அதனால் ஹேமசந்திரன் கேட்கவில்லை. நெசவாளிகளுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுப்பது முதல், வந்த சேலையை விரித்துப் பார்ப்பது வரை அந்தக் கடையில் எல்லாம் அவர்தான். கிளைக்கு வேறு யாரை அனுப்புவார்கள் என்று தன்னையே கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொண்டார்.

மாடியிலிருந்து இறங்கியதும் பிரமிளா கேட்டாள். "சென்னையா?"

"பாத்துகினு இருக்கேன்."

"டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு எந்த ஊர்லயும் டிக்கெட் கெடையாது. அதனால எனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதாங்க. உங்க அக்கா இருக்கற ஊரு மட்டும்தான் வேற. கோயமுத்தூர்ல என் தம்பி இருக்கான், அவனைக் கேளுங்க."

ஹேமசந்திரன் மறுபடி மாடி ஏறினார். மைத்துனன் அரிஹந்த் உடனே போனை எடுத்தான்.

"வாடகை சென்னையைவிடக் கொறைச்சல் மாமா. எங்க பக்கத்துலயே ஒரு வீடு காலியா இருக்கு, அட்வான்ஸ்தான் பத்து மாசம் கேக்கறாங்க. பஸ்ஸை நம்ப வேணாம், வண்டி இருந்தா போதும்."

"சாப்பாட்டுக்குள்ள வீடு வந்து சேர முடியுமா?"

"அந்தக் கவலையே வேணாம். இங்க சென்னையைவிடக் கால்மணி நேரம் லேட்டாத்தான் பொழுது சாயும்."

ஹேமசந்திரன் சொக்கிப் போனார். கேனுக்குக் காசு, லாரிக்குக் காசு என்று உலகம் போகிற போக்கில், கால்மணி நேர வெயிலைச் சும்மா கொடுக்கிற ஊரும் ஒன்று இருக்கிறதே. படிகளில் தடதடவென்று இறங்கி வந்து பிரமிளாவிடம் சொன்னார்.

"வெயிலைச் சோத்துல பெசஞ்சா சாப்பிடப் போறீங்க?" என்றாள் பிரமிளா. தம்பி ஊர் என்றாலும் பத்து மாத அட்வான்ஸ் அவளை யோசிக்க வைத்திருந்தது. "எதுக்குக் குடித்தனத்தையே பேர்க்கணும்? வேலூருன்னு சொல்லிடுங்க. இங்கயே இருந்துகினு தெனம் பஸ்ல போய்ட்டு வாங்க. ஞாயித்துக்கெழம ஒரு நடை போய்ப் பாருங்களேன்."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டப்பாவில் இட்லி வைத்துக் கொடுத்தாள்.

ஐந்து மணி பஸ்ஸைச் சோதிக்க ஹேமசந்திரன் காலையிலேயே வேலூர் போய்விட்டார். சும்மா இருக்க முடியாமல் நாலு தெருவில் வாடகை விசாரித்தார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு அறை விடுகிற ஊரில், மாத வாடகை கேட்டவரை எல்லாரும் மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவர் "பேஷண்ட் யாருங்க?" என்று அனுதாபமாக விசாரித்தார்.

ஐந்து மணி பஸ் ஐந்து மணிக்கே கிளம்பியது. கண்ணமங்கலம் தாண்டியதும் டயர் பஞ்சர்.

ஸ்டெப்னியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சூரியனோ மலையை நோக்கி ஜல்தியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஹேமசந்திரன் சாலையோரம் மேற்கே பார்த்து நின்று, டப்பாவைத் திறந்து இட்லியை அவசர அவசரமாக விழுங்கினார்.

"இன்னா சார், சூரியனுக்குப் படையலா?" என்றார் கண்டக்டர்.

"நான்தான்பா சாப்பிடறேன்."

"அதை எதுக்கு அதும் மூஞ்சியைப் பாத்துகினே சாப்பிடறீங்க?"

ஹேமசந்திரன் அடுத்த இட்லியைப் பிட்டார். டப்பாவில் இன்னும் இட்லி இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மூடி வைத்தார். லாரிகள் வாரியிறைத்த புழுதியில் நின்றுகொண்டு, பிரமிளா சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்தார். சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்தது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் வீரபாகு, ஒரு புருஷன் பெண்டாட்டிக்குச் சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க நயினாரே. தண்ணி நல்லா வரும்னு இவங்களுக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எதுக்கு?"

"அடுத்த மாசம் குடி வராங்க. அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

"நான் காலி பண்றேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"சொல்லணுமா? என் மாடியில நின்னுகினு ஊர் ஊரா வாடகை கேட்டா எனக்குக் காது கேக்காதா? சந்தேகத்துக்கு மத்தியானம் உங்க வீட்டுலயும் கேட்டேன். எந்த ஊருன்னு இன்னும் முடிவாவலைன்னாங்க. அப்ப போறது முடிவுதானே?"

பிரமிளா தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் இறங்கிப் போனதும் ஹேமசந்திரன் மெல்லக் கேட்டார். "சாப்ட்டியா?"

"நீங்க வராம எப்பிடிங்க?"

வெளியே இருட்டிவிட்டிருந்தது. இனி அவளுக்கு விடிந்தால்தான் சாப்பாடு. இருக்கிற வீடும் இல்லை, வேலூர் பஸ்ஸும் இல்லை. ஹேமசந்திரன் நேராக மாடிக்குப் போய் அரிஹந்தைக் கூப்பிட்டார்.

"வீட்டைப் பேசி முடிச்சிடு மாப்ளே. பணம் இப்பவே அனுப்பறேன்."

சீட்டுக் கட்டிச் சேர்த்த பத்து மாத அட்வான்ஸை ஜிபே ஒரு டிங் சத்தத்தில் விழுங்கிவிட்டது. போனைப் பையில் போடுவதற்குள் திரிசலா கூப்பிட்டாள்.

"ஹேமு, எங்க தெருவுலயே வீடு அமைஞ்சிடுச்சி. நீ அவ்ளோ தூரம் விசாரிச்சியேன்னு நானே டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

"அக்கா, நாங்க கோயமுத்தூரு போறோம்."

"பொண்டாட்டி தம்பி இருக்கற ஊருக்கா?" என்றாள் திரிசலா. லைன் கட்டானது. இனி தீபாவளிக்குக்கூட அவள் பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை தென்னரசு வந்து உட்கார்ந்ததும் ஹேமசந்திரன் எதிரே போய் நின்றார். சென்னைத் தண்ணீர் லாரி, வேலூர் நாள் வாடகை எல்லாவற்றையும் சொல்லி, "கோயமுத்தூருதாங்க தோது. சாயங்காலம் வெயிலும் கொஞ்சம் கூடவே இருக்கும்" என்று முடித்தார்.

"வெயிலா? அது எதுக்குய்யா?" என்றார் தென்னரசு. "சரி, கோயமுத்தூரே இருக்கட்டும். ஜோரா விசாரிச்சிருக்கீங்க." போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எப்போது கிளம்பவேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. ஹேமசந்திரன் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்கு வந்தார். முதலாளியைக் கல்யாணத்துக்கு ஓட்டிப் போய்த் திரும்பிய டிரைவர் பச்சையப்பன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மூஞ்சியே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல பச்சையப்பா. கோயமுத்தூருன்னு முடிவாயிடுச்சி. அங்க வீட்டுக்குப் பணம் கட்டியாச்சி, இங்க இருந்த வீடும் போயாச்சி. எப்ப கெளம்பறதுன்னுதான் மொதலாளி சொல்லல."

பச்சையப்பன் துணியை அப்படியே கண்ணாடி மேல் விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"அங்க போறது மொதலாளியோட மருமவப் புள்ள சார், உங்களை அனுப்பறதா இருந்தா, எந்த ஊரு தோதுன்னு உங்களையா கேப்பாரு?"