குளியல் தொட்டியில் ஒரு மீட்புப்பணி

எனக்கு மூன்று மாதம் சோறு போட்ட ஒரு மனிதரை, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், பனியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தியவன் நான். இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள்.

எங்கள் வீடு இலங்கையில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தின் கடைசி அறை. லயத்துக்குப் பின்னால் மலை. மலையில் ஒரு வெடிப்பு. மீரியபெத்தவில் மலை இறங்கி லயங்களை மூடிய பிறகு, எங்கள் பக்கமும் அரசாங்க ஆட்கள் வந்து பார்த்து, 'இங்கே இருக்கக்கூடாது' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். (எங்கே இருக்கவேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.) அதனால் கனமழை பிடித்தால் பாயோடு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்குவோம். மழை விட்டால் திரும்ப ஏறுவோம்.

அப்பா எங்களுக்குச் சட்டம் போட்டிருந்தார். மலை உறுமினால் எதையும் தேடாதே. ஓட முடியாதவர் கையைப் பிடி. கீழ்நோக்கி ஓடாதே, மண் உன்னைவிட வேகமாக வரும், பக்கவாட்டில் ஓடு. வெட்டவெளிக்குப் போனதும் தலையை எண்ணு. மற்றப் பிள்ளைகள் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்வார்கள். நான் தூக்கத்தில் பக்கவாட்டில் ஓடுவேன்.

இந்தத் தகுதியோடுதான் ஜப்பானுக்குப் படிக்கப் போனேன்.

பதுளையில் ஒரு வகுப்பில் ஜப்பான் மொழி படித்திருந்தேன். 'இது பேனா', 'ரயில் நிலையம் எங்கே?' இரண்டையும் சரளமாகப் பேசுவேன். வடக்கே, பனி கொட்டும் ஓர் ஊரில், மொழிப் பள்ளிக்காரர்கள் என்னை ஒரு வயதான தம்பதியின் வீட்டில் தங்கவைத்தார்கள். ஜப்பான் அப்பா எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். ஜப்பான் அம்மா, நான் இரண்டாம் முறை சோறு வாங்காவிட்டால் முகம் வாடிவிடுவார். மொழிப் பள்ளியில் எங்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்: "அந்த வீட்டில் தொந்தரவு கொடுத்தால் வேறு வீடு கிடையாது. வீடு இல்லையென்றால் படிப்பும் கிடையாது." நான் பணிவோடு தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாட்கணக்காகக் கொட்டிய பனி கூரைமேல் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. ஜப்பான் அப்பா குளிக்கப் போயிருந்தார். அங்கே குளிப்பது என்றால் கழுத்தளவு வெந்நீரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நான் அடுப்படியில் ஜப்பான் அம்மாவுக்கு உதவி என்ற பெயரில் வெங்காயத்தைக் கொலை செய்துகொண்டிருந்தேன்.

தலைக்கு மேலே உறுமியது. வீடு அதிர்ந்தது. ஜன்னல் இருட்டியது.

"மலை வருது! ஓடுங்க! ஓடுங்க!"

சுத்தமான பசறைத் தமிழ். ஜப்பான் அம்மாவை அகப்பையோடு வாசலுக்கு வெளியே தள்ளினேன். குளியலறைக் கதவை ஒரே உதை. ஜப்பான் அப்பா கண்ணைத் திறப்பதற்குள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். அவர் ஏதோ சொன்னார். நிச்சயமாகப் பேனாவைப் பற்றி இல்லை. போகிற போக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மானத்துக்கு அதுதான் மிச்சம். பக்கவாட்டில் ஓட வேண்டுமல்லவா? பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பிளந்துகொண்டு, முழங்காலளவு பனியில், இரண்டு பேரையும் இழுத்தேன். தெருவுக்கு வந்து நின்று தலையை எண்ணினேன். எல்லோரும் இருந்தோம்.

பிறகுதான் மலையைப் பார்க்கத் திரும்பினேன்.

மலை இல்லை. அந்த ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல். தோசைக்கல் மாதிரிச் சமதரை. ஜப்பான் அம்மா அகப்பையால் கூரையைக் காட்டினார். மேலேயிருந்த பனி சரிந்து முற்றத்தில் குவிந்து கிடந்தது. அங்கே வருசாவருசம் நடப்பதாம்.

பனி வாரிக்கொண்டிருந்த அயலவர்கள் சவளோடு நின்று பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் குனிந்து வணக்கம் சொன்னார். ஜப்பான் அப்பாவும், பேசினைப் பிடித்தபடியே, குனிந்து வணக்கம் சொன்னார். (குனிந்திருக்கக்கூடாது. வழுக்கிவிட்டது.)

அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் காய்ச்சல், அடுத்த நாள் நியூமோனியா. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் விமானச் சத்தமே கேட்டது. அன்றைக்கு என் தட்டில் சோறு குறைந்திருந்தது. ஜப்பான் அம்மா அதைக் கவனிக்கவும் இல்லை. அந்த மனிதர் செத்துப்போனால் நான் என்ன ஆவேன் என்று யோசிக்கக்கூட எனக்கு அந்த மொழியில் சொல் இல்லை.

வீட்டுக்குப் பேசினேன்.

"என்னடா சொல்ற? குளிச்சிக்கிட்டிருந்த மனுசனையா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"ஒடம்புல துணி?"

"ஒரு பேசின் இருந்துச்சு."

"அட நாசமாப் போறவனே! அந்தம்மா மொகத்துல நான் எப்பிடிடா முழிப்பேன்?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "டேய், பக்கவாட்டுலதான இழுத்த?"

"ஆமாப்பா."

"அப்ப சரி."

பல நாள் கழித்து ஜப்பான் அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆசிரியையையும் என்னையும் கூப்பிட்டார். "ஏன்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் சொல் இல்லாததால் ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன்: லயம், அதன் முதுகில் மலை, மலையில் வெடிப்பு. விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஃபோனிலேயே மொழிபெயர்ப்பைப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உன் வீடா?"

"ஆமாம்."

"இப்போது அங்கே யார்?"

"அம்மா, அப்பா, தங்கச்சி."

"மழையா?"

"மழைதான்."

அவர் ஆசிரியையிடம் திரும்பி, 'இவன் என் வீட்டில்தான் இருப்பான்' என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், கட்டுப்போட்ட கையால் ஃபோனை மறுபடி என் பக்கம் தள்ளினார்.

"அப்படியென்றால் அவர்களை ஏன் இன்னும் இழுக்கவில்லை?"

படிப்பை முடித்துத் திரும்பி வந்து, பதுளையில் பிள்ளைகளுக்கு ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். நான் இருக்கும் வாடகை அறையில் எனக்கே கால் நீட்ட முடியாது. அம்மா அப்பாவுக்கென்று அரசாங்கம் சொன்ன புதுவீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. ஜப்பான் அப்பா கேட்ட கேள்வியை வீட்டில் வாய்தவறிச் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

இப்போது ஒவ்வொரு மழைக்கும் தங்கச்சி தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோனில் கூப்பிடுகிறாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு.

"அண்ணே, அந்த ஜப்பான்காரர துணியில்லாம இழுத்தியே, எங்களத் துணியோடயாவது இழுக்கக்கூடாதா?"

பள்ளிக்கூடமே சிரிக்கும். அப்பாவின் சிரிப்பு தனியாகக் கேட்கும். நானும் இங்கிருந்து சிரிப்பேன். பிறகு மழை விட்டுவிடும், அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறுவார்கள்.