நாய்க்குட்டிக்குப் பட்டா கொடுத்தவர்

முதலில் என் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் கொல்லையை யாரோ கைப்பற்றப் போகிறார்கள் என்று முழுமனதாக நம்பினேன். அங்கே கைப்பற்ற இருந்தவை ஏழு வாழைக்கன்று, ஒன்பது கத்திரிச்செடி, ஒரு பாத்தி கனகாம்பரம். கைப்பற்றப் போகிறவர் பட்டா.

பட்டா என்பது அந்த ஆளுக்கு ஊர் வைத்த பெயர். தஞ்சாவூர் ஜில்லாவில் அவரைப் போல இருபத்துநாலு மணி நேரமும் நிலத்தையே நினைத்துக்கொண்டிருந்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. இத்தனைக்கும் கைப்பிடி மண்கூட அவருக்குச் சொந்தமில்லை. ஊராருக்கெல்லாம் வேலி கட்டிக்கொடுப்பது தொழில். எங்கே போனாலும் முதலில் நீட்டுவாக்கில் ஒரு நடை, குறுக்குவாக்கில் ஒரு நடை நடந்து அளந்துவிட்டு, "இதுக்குப் பட்டா யாரு பேர்ல?" என்று கேட்பார். டீக்கடை பெஞ்சில் சாய்ந்திருந்தவரைக் கேட்டிருக்கிறார். நடுரோட்டில் படுத்து பஸ்ஸை நிறுத்திவிட்ட எருமையைக் கேட்டிருக்கிறார். ஒரு கல்யாணத்தில் மணவறைக்கே போய், "மாப்ள, ஒக்காந்துட்ட சரி. பட்டா வாங்கிட்டியா?" என்று கேட்டதில் மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார்.

ஆட்சி மாறி, கரை வேட்டிகள் பெருகி, நில உச்சவரம்பு, குடிசை மனைக்குப் பட்டா என்று நாளுக்கொரு பேச்சு நடந்த காலம் அது. நிலம் இனி எங்களுடையது என்று காலையில் யாராவது வயலில் ஒரு கட்சிக்கொடி நட்டிருந்தால் மாலைக்குள் போலீஸ் வேன் வந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் தஞ்சாவூரிலிருந்த ஒரு மிராசுதார். சாவியைக் கொடுக்கும்போதே, "கொல்லையில எவனாவது குழி தோண்டினா கொடி நடப்போறான்னு அர்த்தம். ஒடனே போலீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒருநாள் மாலை ஆபீசிலிருந்து வந்து பார்க்கிறேன், கொல்லையில் மூன்று குழிகள். முழங்கை ஆழம். வரிசையென்றால் அப்படி ஒரு வரிசை, நூல் பிடித்த மாதிரி. முந்தின நாள்தான் பட்டா எங்கள் வேலியோரமாக நடந்து அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், இந்தக் கொல்லைக்குப் பட்டா யாரு பேர்ல?" என்றும் கேட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வீட்டில் துரை என்று ஒரு நாய்க்குட்டி இருந்ததையும் சொல்ல வேண்டும். புதுஆற்றங்கரையில் நனைந்துகொண்டு கிடந்ததை, மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடைக்குள் வைத்து நானே தூக்கிவந்திருந்தேன். கொண்டுவந்தபோது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, இப்போதும் குட்டிதான். அதன் மேல் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

உட்கார்ந்து மனு எழுதினேன். "மேற்படி கொல்லையில் மேற்படி பட்டா என்கிற நபர் மேற்படி குழிகளைத் தோண்டி" என்று ஒரு பக்கத்தில் பதினோரு மேற்படி. என் மனைவி கமலா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

"ஏங்க, அந்தாளுக்கு வர்ற வாரம் குடிசை மனை விசாரணை. இப்பப் போயி போலீஸ்ல பேரு ஏறிச்சுன்னா பட்டாவும் கெடைக்காது, இருக்குற குடிசையையும் பிரிச்சுப் போட்டுடுவாங்க."

"அவரு குடிசையப் பாத்தா நம்ம குடியிருப்பு போயிரும்டி."

"யாரு தோண்டுனான்னு கண்ணால பாத்தீங்களா?"

"பாத்திருந்தா நான் ஏன் இங்க ஒக்காந்து எழுதறேன்? மயங்கி விழுந்திருப்பேன்ல!"

மறுநாள் காலை மனுவைச் சட்டைப்பையில் வைத்து, சட்டையைப் பாயின் மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் சட்டை இருக்கிறது, மனு இல்லை. பை ஈரமாக இருந்தது. ஆள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஈரத்துக்கு என்ன காரணம் என்று மட்டும் யோசிக்கவில்லை. பயத்தில் அவ்வளவு தூரம் யோசனை ஓடாது.

"ஏங்க, பட்டா வந்துருக்காரு!" என்று கொல்லையிலிருந்து கமலா குரல் கொடுத்தாள்.

இடுப்பில் துண்டோடு ஓடினேன். கையில் ஆயுதமாகச் சோப்புப் பெட்டி. குழிக்குள் குனிந்து நின்ற பட்டா நிமிர்ந்தார்.

"கொடி எங்கங்க?" என்றேன்.

"என்ன கொடி சார்? பாவக்கொடியா?"

"இந்தக் குழியில நடப்போற கொடி!"

அவர் மறுபடி குழிக்குள் குனிந்தார். பிறகு மண்ணிலிருந்து எதையோ எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கருவாட்டுத் தலை.

"கொடி நட வர்றவன் கருவாட்டுத் தலையத் தோண்டித் திங்க மாட்டான் சார்."

உரம் என்று கமலா ஒவ்வொரு வாழைக்கன்றுக்கும் அடியில் கருவாட்டுத் தலை புதைத்திருக்கிறாள். கன்று வரிசையாக இருந்தால் குழியும் வரிசையாகத்தானே இருக்கும்! இதற்குள் நாலாவது குழியும் தயாராகியிருந்தது. அதிலிருந்து ஒரு குட்டி வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. முந்தின நாள் பட்டா அளந்ததும் கமலா சொல்லித்தானாம். வேலியில் பொத்தல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைத்திருக்கிறாள். வீட்டு விஷயம் எனக்கு எப்போதுமே கடைசியில்தான் வரும்.

கமலா சாய்ந்து கிடந்த கன்றையும், மொட்டையாகக் கடிபட்டிருந்த கத்திரியையும் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள கொல்லையில ஒண்ணு என் செடி இருக்கணும், இல்ல ஒங்க தொரை இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். செடியைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினேன். காற்று என் பக்கமாக அடித்தது. அன்று ஆபீசுக்குப் போகவில்லை. பட்டா மூங்கிலோடு வந்து தண்டுகளில் வேப்பெண்ணெய் தடவினார். துரை அதை நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்கிற மாதிரி அவரைப் பார்த்தது. பாத்தியைச் சுற்றிப் படல் கட்டினார். கயிற்று முடிச்சை ஒவ்வொன்றாகக் கடித்துத் துரை படலையே படுக்க வைத்துவிட்டது.

சனிக்கிழமை பட்டா துரைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்.

"சார், இவன் மேல குத்தம் இல்ல. ஒழைக்கிறவன். தோண்டாதன்னா எப்படி? தோண்ட ஒரு எடத்தக் குடுத்துட்டு அப்பறமில்ல சொல்லணும்!"

"நாய்க்கு நெலமா?"

"ஏன், உச்சவரம்புக்குப் பயந்து நாய் பேருல நெலம் எழுதி வச்சிருக்குற பெரிய மனுசங்க இல்லையா? அது அந்த நாய்க்குத் தெரியாது. நாம இவனுக்குத் தெரிஞ்சே குடுப்போம்."

கொல்லை மூலையில் நாலுக்கு நாலடி நடந்து அளந்தார். மண்ணைக் கொத்தி ஆற்று மணலைக் கலந்து பொலபொலவென்று ஆக்கினார். நாலு பக்கமும் முளை அடித்தார். நடுவில் கருவாட்டுத் தலையைப் புதைத்தார். துரையைக் கையில் ஏந்தி, நாலு எல்லையையும் சுற்றிக் காட்டினார். "கெழக்க செவுரு, மேக்க அம்மாவோட பாத்தி, வடக்க வேலி, தெக்க வழி. இது ஒன்னுது. அங்கிட்டு அம்மாவுது. தாண்டுனா வழக்கு வரும், சொல்லிட்டேன்."

துரை இறங்கித் தோண்ட ஆரம்பித்தது. பாத்திப் பக்கம் போனால் "அது அம்மா பட்டாடா!" என்று ஒரு அதட்டல், தூக்கிவந்து தன் நிலத்தில் விடுதல். ஒரு வாரம் காலையும் மாலையும் வந்து அவர் இதையே செய்தார். கமலாவும் தினம் ஒரு கருவாட்டுத் தலையைத் துரையின் நிலத்தில் புதைக்கத் தொடங்கியதால் ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை யாரும் நினைவுபடுத்தவில்லை. கத்திரி பூத்தது. துரை எங்களோடு பதிமூன்று வருஷம் இருந்தது.

பட்டாவுக்கும் பட்டா கிடைத்தது. வாங்கிய கையோடு நேரே எங்கள் கொல்லைக்கு வந்து, அந்தக் காகிதத்தை விரித்துத் துரைக்குக் காட்டினார். "ஒனக்கு அப்பறந்தாண்டா எனக்கு வந்துச்சு" என்றார். நான் வேறு பக்கம் திரும்பி வாழையிலையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி உள்ளது உள்ளபடி. மனசாட்சி உறுத்தி அந்த மனுவை நானே கிழித்துப் போட்டேன் என்று பல வருஷம் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான் கிழிக்கவில்லை. துரை கவ்விக்கொண்டு போய்ப் பாதியை மென்றுவிட்டு மீதியை நாலாவது குழியில் போட்டது. அதை எடுத்தவர் பட்டா. எனக்கு மாற்றலாகி லாரியில் சாமான் ஏற்றிய அன்றுதான் கமலா இதைச் சொன்னாள். நான் குளித்துக்கொண்டிருந்தபோது, குழிக்குள் நின்றபடியே அவர் எழுத்துக் கூட்டி மிச்சமிருந்தது முழுவதையும் படித்தாராம். மண்ணைத் தட்டி, மடித்து, அவளிடம் கொடுத்தாராம்.

"சாரு காயிதம்மா. நான் பாத்தேன்னு சொல்லிறாதீங்க, வெக்கப்படுவாரு."

படித்த பிறகுதான் அவர் எங்களுக்காக மூங்கில் வெட்டப் போயிருக்கிறார்.