போதிய ஆள் இல்லாததால் போர் ஒத்திவைப்பு

பார்க்கிங் தகராறைப் பதினேழாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் செகரட்டரி. கோட்டை கட்டிய ராஜாக்களைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தியது யார் என்று விசாரித்து முடிக்கிற வரை படை கிளம்பாத ஒரு ராஜ்யத்தை நான் கண்ணால் பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாகப் போகவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். புனேயில், ஹடப்சரில் ஒரு மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். பழைய காலத்துத் தக்காணத்தில் நடக்கிற கதை. விளையாடுகிறவர் ஒரு கோட்டைத் தலைவர். முதலில் ஊரைக் கட்ட வேண்டும், பிறகு படை திரட்டிச் சண்டைக்குப் போக வேண்டும். சண்டை என் பொறுப்பு, ஊர் செகரட்டரியின் பொறுப்பு. அந்த ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் சென்னை, அவர் கோயமுத்தூர்ப் பக்கம். காலையில் வந்ததும் வராததுமாக "சாப்டாச்சுங்களா?" என்பார். ஒரு நாள் இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவருடைய டிபன் பாக்ஸில் பாதி என் மேஜைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து வயிறு காய்ந்தாலும் "ஆச்சுங்க" என்றே சொல்லிவந்தேன்.

செகரட்டரி என்பது ஆபீசில் வந்த பதவி அல்ல. சாங்வியில் அவர் குடியிருந்த ஹவுசிங் சொசைட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். போன் வந்ததென்று வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். அதற்குள் அவரை ஏகமனதாகச் செகரட்டரி ஆக்கிவிட்டிருந்தார்கள். அப்புறம் அவருடைய மொபைல் ஓயவில்லை. காலையில் "செகரட்டரி சாஹேப், பாணி நாஹி" என்று தண்ணீர்ப் புகார் மராத்தியில் வரும். மதியம், மேல் வீட்டு ஈரத்துணி கீழ் வீட்டு ஊறுகாய் ஜாடியில் சொட்டுகிறது என்று வரும். கூட்டத்துக்குப் போதிய ஆள் சேராவிட்டால் அரை மணி ஒத்திவைத்துவிட்டு, அப்புறம் வந்தவர்களை வைத்தே முடிவெடுக்கலாம் என்பது சொசைட்டி வழக்கமாம். இது தெரிந்ததால் எல்லோரும் அரை மணி கழித்தே வருவார்களாம். இதையெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார் என்று பார்த்தால், மனிதர் ரசித்து ரசித்துச் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து இடி இறங்கியது. ஊர் கட்டுவது விண்ணப்பம் நிரப்புகிற மாதிரி இருக்கிறது, வீடு, வயல், கிணறு என்று தட்டி வைத்துவிட்டு எல்லோரும் சண்டைக்கு ஓடிவிடுகிறார்கள் என்றார்கள். தங்கள் ஆள் ஒருவர் நேரில் வருவார், அதற்குள் சரிசெய்யாவிட்டால் வேலையையே நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். நிறுத்தினால் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையனுக்குக் கவர்ன்மென்ட் உத்தியோகம் மாதிரி, அசைக்க முடியாது என்று என் அப்பா பெண் வீட்டில் அடித்துவிட்டிருந்தார்.

"பாத்துக்கலாமுங்க" என்றார் செகரட்டரி.

சில நாளில் என் குதிரைப்படை நடுத்தெருவில் அப்படியே நின்றது. என் வேலையில்தான் கோளாறு என்று நாள் பூராவும் தேடினேன். கடைசியில் பார்த்தால், தெருவுக்குக் குறுக்கே ஒரு மாட்டுவண்டி. அதைச் சுற்றிப் பத்துப் பேர் கையை நீட்டிச் சண்டை.

"அவன் வண்டிய இவனூட்டு வாசல்ல நிறுத்திப்போட்டானுங்க" என்று செகரட்டரி விளக்கினார். "கேட்டா, எங்கப்பன் காலத்துல இருந்து இங்கதான் நிறுத்தறேங்கறான்."

"நீங்களே அதை எடுத்துடலாமே?"

"நான் எடுத்தா கோவிச்சுக்குவானுங்க. ஆடறவரு ஒரு வண்டிப்பேட்டை கட்டிக்குடுத்தா அவனே எடுத்துக்குவான்."

தினம் ஓர் அதிர்ச்சி. கொல்லன் பட்டறைப் புகை பக்கத்து வீட்டு வேட்டியில் படிந்தது. ஒரு கூரைத் தண்ணீர் அடுத்த கூரைக்குள் விழுந்தது. கிணறு தூரமென்றால் அங்கே வரிசை நீண்டது, வரிசையில் வம்பு வளர்ந்தது, வம்பு முற்றி இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஒருவன் மட்டும் எந்தக் குறையும் சொல்லாமல் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தான். இவன் எதற்கு என்று கேட்டேன். ஊர் என்றால் சும்மா நிற்கிறவன் ஒருத்தன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கம்பெனிக்காரர் வந்தார். சிரிப்பதென்றால் என்னவென்றே தெரியாத முகம். எங்கள் மேலாளர் வைஜயந்தி மேடம் வரவேற்புரையை ஆரம்பிப்பதற்குள் உட்கார்ந்து வீடு, வயல், கிணறு என்று கடகடவென்று வைத்தார். நேராகப் போர் முரசை அழுத்தினார். முரசு முழங்கியது. ஒருத்தனும் வரவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு விரிந்தது: கூட்டத்துக்குப் போதிய ஆள் வராததால் போர் ஒத்திவைக்கப்படுகிறது. பக்கத்தில் மணற்கடிகாரம் ஒன்று ஓட ஆரம்பித்தது. எல்லையில் எதிரி கிளம்பிவிட்டான்.

மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். என்னய்யா செய்துவைத்திருக்கிறீர் என்று செகரட்டரியின் காதில் கேட்டேன்.

"குடிக்கத் தண்ணியில்லாதவன் எப்படீங்க வேல் எடுப்பான்?" என்றார் நிதானமாக.

மணல் தீர்ந்தது. வந்தவர்களை வைத்துக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் கொல்லன், வண்டிக்காரன், ஒரு கிழவர். மூவரும் படையாகத் திரண்டு வீரத்தோடு வெளியே போனார்கள். கோட்டை போயிற்று. என் கல்யாணமும் அதோடு போவதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

கம்பெனிக்காரர் மௌஸை விட்டுக் கையை எடுத்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். செகரட்டரி கிணற்றடியைக் காட்டினார். ஊரே குடத்தோடு அங்கே நின்றது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்தத் தடவை கிணற்றை வைப்பதற்கு முன் யோசித்தார். பட்டறையை ஊர் ஓரத்துக்கு நகர்த்தினார். கூரைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டினார். வண்டிப்பேட்டை எழும்பி, வண்டிக்காரன் முனகிக்கொண்டே வண்டியை எடுத்தபோது கைதட்டினார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. முரசடித்ததும் ஊரே திரண்டு நின்றது. ஆனால் தெற்குத் தெருவில் ஒரு குறை பாக்கியிருக்கிறதாம், சண்டைக்கு இப்போது நேரமில்லை என்றுவிட்டார். நான் மாசக்கணக்கில் உழைத்த சண்டையைக் கடைசி வரை அவர் பார்க்கவே இல்லை. போகட்டும், வேலை தப்பியது. கல்யாணமும் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. செகரட்டரி நாற்காலி வாடகைக்குப் பிடிப்பது வரை கூடவே நின்றார்.

பிறகு அவர் ஊரோடு போய்விட்டார். நாங்களும் ஆளுக்கொரு கம்பெனியாகச் சிதறினோம். போன மாதம், பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டுவதற்கு முன் அந்த விளையாட்டைத் திறந்தேன். காலையில் உட்கார்ந்தவன், ஊரில் ஒரு குறைகூட இல்லாமல் தீர்த்துவைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அந்தக் காலத்தில் எங்களில் யாரும் அந்த அளவுக்குப் போனதில்லை. வாசலில் சும்மா நின்றவன் அப்போது திரும்பி, முதல் தடவையாக வாயைத் திறந்தான். ஆங்கில எழுத்தில் தமிழ். ஆபீசில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது.

"சாப்டாச்சுங்களா?"

அந்த மனிதரை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பதில் சொல்ல அந்த விளையாட்டில் பட்டன் எதுவும் இல்லை. திரையைப் பார்த்து, இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

"இன்னும் இல்லைங்க."