ஐந்து மஞ்சள் தொப்பி, கணக்கு சரி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மகேந்திரன் அவர்களுக்கு, ஈப்போ சதாசிவம் கிரிக் டவுனில் அப்துல் நாசர் அண்ணன் கடையில் உட்கார்ந்து, ரொட்டி சானாய் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுவது. பிள்ளைகள் ஐவரும் சுகம். தாப்பாவில் நீங்களும் என் தங்கை துளசியும் அவ்வாறே இருப்பீர்களாக.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் கைப்பேசியும் மூக்குக் கண்ணாடியும் நேற்று, நாங்கள் கூடாரம் போட்டிருந்த பெலும் காட்டில், ஏரிக்குள் போய்விட்டன. எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான். நாசர் அண்ணன் இதைப் படம் பிடித்து உங்களுக்கு வாட்சப்பில் அனுப்புவார். வேனை, இன்று எங்களை ஏற்றிப்போக வந்த டிரைவர் சீனி ஓட்டுகிறான், அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். கிளம்பும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை: "ரெண்டு பிள்ளைங்களும் முழுசா திரும்பி வரட்டும் மச்சான், அப்புறம் டிசம்பர்ல பங்கோர் தீவுக்கு அனுப்புறதப் பத்திப் பேசலாம்." அதற்காகத்தான் வீடு வந்து சேரும்வரை பொறுக்காமல் சுடச்சுட எழுதுகிறேன். உங்கள் லோஷினியும் கிஷனும் இல்லாமல் லூமுட் துறையில் பங்கோர் படகேற மாட்டோம் என்று என் பிள்ளைகள் மூவரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எனக்கும் மனசு அப்படித்தான்.

முதலில் பாதுகாப்பு. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர் என்பது உங்களுக்குத் தெரியும். விடிகாலைப் பெரட்டில் நூற்றிருபது பேரை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணியவர். "மூஞ்சியப் பார்த்தா பேச்சு வளரும்டா, தலைய எண்ணு" என்பார். நானும் அதே முறைதான். ஐவருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி வாங்கிக் கொடுத்தேன். நான் தகர டின்னைத் தட்டினால் வரிசையில் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. மூன்று நாளில் பதினெட்டுப் பெரட்டு எடுத்தேன், பதினெட்டிலும் ஐந்து தொப்பி. பக்கத்துக் கூடாரத்து மலாய்க் குடும்பம் தினமும் வேடிக்கை பார்க்க வந்துவிடும். அவர்கள் பையன் டேனிஷுக்கு அந்தத் தொப்பி மேல் ஒரே ஆசை.

மற்றபடி சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. சோறாக்க ரைஸ் குக்கர் கொண்டுபோனேன், காட்டில் கரண்ட் இருக்காது என்று என் மனைவி குமுதா வீட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொன்னேனே என்று போனில் சாதித்தாள், சரி போகட்டும் என்று விறகு மூட்டி அந்தச் சட்டியையே அடுப்பில் வைத்தேன், அடியில் கரி, நடுவில் அரிசி, மேலே தண்ணீர், பிள்ளைகள் மெகி மீ நூடுல்ஸை அப்படியே நொறுக்கித் தின்று சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, காற்றுக்கு மறைவாக இருக்கட்டுமே என்று கூடாரத்தைப் பள்ளத்தில் அடித்திருந்தேன், பாயெல்லாம் மிதந்தது, கிஷன் அதைப் படகு என்று ஏறி உட்கார்ந்துகொண்டான், மறுநாள் அட்டை, கிஷனுக்கு ஏழு, எனக்கு இருபத்திரண்டு, பிள்ளைகளுக்கு வர வேண்டியதையும் நானே வாங்கிக்கொண்டேன் என்றுதான் அர்த்தம், அதில் ஒன்றைப் பிடுங்கக் குனிந்தபோதுதான் கைப்பேசி ஏரியில் விழுந்தது, அதைப் பிடிக்கப் பாய்ந்தபோது கண்ணாடி.

ஆனால் பலனைப் பாருங்கள் மாப்பிள்ளை! கிஷனுக்கு மலாய் வரவில்லையே என்று துளசி மூக்கைச் சிந்தினாளே, இன்று படகுத்துறையில் வேன் ஏறியதிலிருந்து பையன் மலாயில் வெளுத்து வாங்குகிறான். தமிழில் கேட்டால் சிரிப்பதோடு சரி. மூலை மேசையில் மஞ்சள் தொப்பியோடு மூன்றாவது ரொட்டி சாப்பிடுகிறான். காரச் சம்பலைத் தொடாத பிள்ளை தட்டை வழிக்கிறான். மூன்றே நாளில் காடு அவனை மாற்றிவிட்டது. லோஷினிதான் காலையிலிருந்து "மாமா, கிஷன்..." என்று நச்சரிக்கிறாள். தம்பி மேல் கோள் சொல்லக் கூடாது, பெரட்டில் பேச்சே கிடையாது என்று அடக்கி வைத்திருக்கிறேன். கடை வாசலிலும் எண்ணிவிட்டேன். ஐந்து.

ஆகவே டிசம்பருக்குத் துணிந்து சம்மதம் கொடுங்கள். கல்லுமலை முருகன் உங்கள் குடும்பத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பான். துளசிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பொறுப்புள்ள மச்சான்,
சதாசிவம்

பி.கு.: மேலே உள்ள பக்கங்களை நாசர் அண்ணன் அனுப்பி முடித்துவிட்டார், இனி மறைக்க வழியில்லை. அனுப்பியவர் மூலை மேசைப் பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்தக் கடைசிப் பையன் யாரு? மலாய்க்கார வீட்டுப் புள்ள மாதிரி இருக்கானே" என்றார். கிட்டே போய்த் தொப்பியைத் தூக்கினேன். டேனிஷ்! "அதத்தான் மாமா காலையிலேருந்து சொல்ல வந்தேன். கிஷன் தொப்பிய அவன்கிட்ட குடுத்துட்டான், ரெண்டு பேரும் வேன் மாறிட்டாங்க. நீங்கதான் பேசக்கூடாதுன்னீங்க" என்கிறாள் லோஷினி. நான் சாலைக்கு ஓடினேன். நல்ல வேளை, அதே நேரம் ஒரு நீல வேன் வந்து நின்றது. எங்களைத் தேடிக்கொண்டே வந்த டேனிஷின் அப்பா கிஷனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கடையே பார்க்க, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு எல்லாத் தொப்பியையும் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு முகத்தையும் கிட்டப் பார்த்து எண்ணினேன். ஐந்து. மனசு கேட்காமல் கிஷனிடமே கேட்டேன், "டிசம்பர்ல மாமாகூட பங்கோருக்கு வருவியாடா?"

"வாரேன் மாமா. ஆனா நான் டேனிஷ் வேன்லயே வாரேன் லா. அங்க சோறு வெந்திருந்துச்சு."